கையடை

விழுப்புரம் சந்திப்பில் ஒருநாள் ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஓர் அம்மாள். மடியில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான், காலடியில் கட்டைப்பை. பையனை மெல்ல பெஞ்சில் கிடத்திவிட்டு, "தம்பி, கொஞ்சம் பாத்துக்குங்க. தண்ணி புடிச்சுட்டு வந்துடறேன்" என்று சொல்லிப் போய்விட்டார். நான் யார், எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. நான் தலையை ஆட்டியதைக்கூடப் பார்த்தாரா என்று தெரியாது. அந்த ஐந்து நிமிடமும் என் கண் பையன்மேலேயே இருந்தது. அவன் புரண்டபோது என் கை தானாக நீண்டது.

ரயிலில் ஏறிய பிறகு அந்த வாக்கியத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் தமக்கு மிக வேண்டிய ஒன்றை முன்பின் தெரியாதவனிடம் விட்டுப்போனார். அதற்கு அவர் 'நம்பு' என்ற சொல்லையும் எடுக்கவில்லை, 'ஒப்படை' என்றும் சொல்லவில்லை. 'பாத்துக்குங்க' போதுமாக இருந்தது. அன்று தொடங்கி, நம்பிக் கொடுப்பதற்குத் தமிழில் உள்ள வினைகளைத் தேடிச் சேர்த்துவருகிறேன். சேர்க்கச் சேர்க்க ஒன்று தெளிவாகிறது. நம்புவதும் நம்பிக் கொடுப்பதும் தமிழில் ஒன்றல்ல. முன்னது கொடுப்பவரின் மனத்துக்குள் நடப்பது. பின்னது நடந்தவுடன் வாங்கியவர் தலையில் ஒரு சுமை ஏறிவிடுகிறது. நம் மொழி அக்கறையோடு சொற்களைப் படைத்திருப்பது அந்தச் சுமைக்குத்தான்.

முதலில் நம்பு. இன்று நமக்கு எளிதில் கைக்கு வரும் சொல் இதுதான், ஆனால் அதன் பழைய பொருள் வேறு. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் உரியியலில் நம்பு, மேவு இரண்டுக்கும் சேர்த்து நசை என்ற பொருளைச் சொல்கிறார். நசை என்றால் விருப்பம், ஆசை. ஒருவரை நம்புவது ஒருகாலத்தில் அவரை விரும்புவதாக இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியிலும் ஆசைப்படுதல் என்ற பொருள் இடம்பெற்றிருக்கிறது. அந்தப் பழைய பொருள் முழுதும் போய்விடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. "மழை வரும்னு நம்பிக்கையா இருக்கேன்" என்கிறோம். மழை யாரிடமும் வாக்குக் கொடுக்கவில்லை. அது வர வேண்டும் என்பது நம் ஆசை, அவ்வளவுதான். ஒருவரைச் சார்ந்திருப்பதற்கும் ஒன்றை எதிர்நோக்கி இருப்பதற்கும் ஒரே நம்பிக்கை நமக்குப் போதுமாக இருப்பதன் காரணம் அந்த நசையில் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மேடைப் பேச்சுகளில் 'நம்பிக்கை' என்பதை 'நம் கை' என்று பிரித்துக் கைதட்டல் வாங்குவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கை உடம்பில் உள்ள கை அல்ல. வேட்கை, சேர்க்கை, வாழ்க்கை என்ற சொற்களில் வரும் விகுதியே இங்கும் வருகிறது. உண்மையான கை வேறு சொற்களில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அப்படியானால் சங்க காலத்தவர் ஒருவரை நம்புவதை எந்த வினையால் சொன்னார்கள்? தேறு, தெளி என்ற இரண்டும் முன்னே வருகின்றன. குறுந்தொகையின் 21ஆம் பாட்டில் ஓதலாந்தையாரின் தலைவி கொன்றை பூத்திருப்பதைப் பார்க்கிறாள். கார்காலத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போனவன் வரவில்லை. காடே கார்காலம் என்று சாட்சி சொன்னாலும் தான் தேறமாட்டேன் என்கிறாள், ஏனென்றால் அவன் பொய் சொல்லாதவன். கண்ணால் கண்ட பூவைத் தேறாமல் காணாத ஆளைத் தேறுகிறாள். தலைவன் அவளுக்குச் சத்தியம் செய்து கொடுப்பதும் அந்த இலக்கியத்தில் தெளித்தல்தான்.

இந்த இரண்டு வினைகளும் தண்ணீரோடு சம்பந்தப்பட்டவை. எங்கள் பாட்டி வீட்டில் ஆற்றில் புதுவெள்ளம் வரும் நாட்களில் தேற்றாங்கொட்டையை எடுப்பார்கள். குடத்தின் உட்புறத்தில் அதை வட்டமாகத் தேய்த்துவிட்டுச் செம்மண் கலங்கிய நீரை ஊற்றி வைத்தால் மறுநாள் காலையில் மண் அடியில் படிந்திருக்கும். மேலே நீர் தேறி நிற்கும். தேற்றும் கொட்டை என்பதால் அந்தப் பெயர். ஒருவரைத் தேறுவது என்றால் அவரைப் பற்றிய கலக்கம் அடியில் படிய விட்டுக் காத்திருப்பது. அதற்கு ஓர் இரவாவது வேண்டும்.

இதை நன்றாக அறிந்தவர் வள்ளுவர். ஆட்களை அமர்த்துவதைப் பற்றிய அதிகாரத்துக்குத் 'தெரிந்து தெளிதல்' என்பது பெயர். தேர்தல், தேறுதல், தெளிதல் மூன்றையும் அந்தப் பத்துக் குறளுக்குள் மாற்றி மாற்றி வைத்து அவர் சொல்வது, ஆராய்வது முதலில் வரவேண்டும் என்பதை. 510ஆம் குறள் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஆராயாமல் நம்புவது தீராத துன்பம் என்கிறார். அதோடு விடவில்லை, நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் அதே அளவு துன்பம் என்கிறார். முதல் பாதியை எல்லா அப்பாக்களும் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை. மேலாளர்கள் ஊழியர்களிடமும் கணவன்மார் மனைவிகளிடமும் நாள்தோறும் மீறுவது அந்த இரண்டாம் பாதியைத்தான்.

அடுத்த அதிகாரத்தில் 517ஆம் குறள். இந்த வேலையை இந்த வழியில் இவன் முடிப்பான் என்று பார்த்த பின் என்ன செய்ய வேண்டும்? வள்ளுவர் அங்கே வைக்கும் வினை விடு. அந்த வேலையை அவனிடம் விட்டுவிடு. இத்தனை நூற்றாண்டு ஆகியும் இந்த வினை தேயவில்லை. "அத என்கிட்ட விடு", "அவர்கிட்ட விட்டாச்சு, இனி கவலையில்ல" என்று பட்டறையிலும் கல்யாண வீட்டிலும் கேட்கிறோம். விடுவது என்றால் கையை எடுத்துவிடுவது. கொடுத்துவிட்டுக் கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது விட்டதாகாது. இதே விடு 'கைவிடு' என்றாகும்போது நேர் எதிர்ப்பொருளைத் தருகிறது. வேலையை ஒருவரிடம் விடலாம். அந்த ஆளையே கைவிட்டால் துரோகம்.

தேறும் தெளியும் பிறகு இந்த வேலையிலிருந்து நகர்ந்துவிட்டன. இன்று பரீட்சையில் தேறுகிறோம், காய்ச்சலிலிருந்து தேறுகிறோம், "இது தேறாது" என்று ஒன்றை ஒதுக்குகிறோம். காலியான இடத்தை நம்பு எடுத்துக்கொண்டது. ஆராய்ச்சியைக் குறித்த சொல் போய் ஆசையைக் குறித்த சொல் வந்தது நமக்கு ஓர் இழப்பு என்றே நினைக்கிறேன். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்ற பழமொழி பிறந்தது இந்த இழப்பை ஈடுகட்டத்தானோ என்றுகூடத் தோன்றும். மண் குதிர் என்று பாடம் கொண்டு ஆற்று மணல்திட்டைச் சொல்கிறது என்பாரும் உண்டு. எப்படிக் கொண்டாலும் நம்புவது அங்கே மனத்தோடு நிற்பதில்லை. கால் தண்ணீருக்குள் போய்விடுகிறது.

இனி கை. நற்றிணையின் 10ஆம் பாட்டு, தலைவனோடு ஊரைவிட்டுப் புறப்படும் தலைவியைத் தோழி அவனிடம் ஒப்படைப்பது. அவள் உடல் தளர்ந்தாலும் கூந்தல் நரைத்தாலும் நீ விலகக் கூடாது என்று கேட்கிறாள். அந்தப் பயணத்தில் அவளுக்கு வேறு பாதுகாப்பு இல்லை, அவன் சொல் மட்டுமே. பாட்டின் கீழே உள்ள துறைக்குறிப்பு இதைக் 'கையடுத்தது' என்கிறது. கையடுத்தல் என்றால் ஒருவர் கையில் இன்னொருவரைச் சேர்ப்பது. இதிலிருந்து சற்றே தள்ளி நிற்கும் சொல் கையடை. கம்பன் பாலகாண்டத்தில் கையடைப் படலம் என்றே ஒரு படலம் இருக்கிறது. வேள்வியைக் காக்க ராமனைத் தா என்று விசுவாமித்திரர் வந்து கேட்க, தசரதன் துடித்துப்போகிறான். வசிட்டர் எடுத்துச் சொன்ன பிறகே இசைகிறான். பிள்ளைகளை ஒப்புவிக்கும்போது இனி இவர்களுக்குத் தந்தையும் தாயும் நீரே என்ற பொருள்படச் சொல்கிறான்.

அந்த வாசகம் எனக்கு வேறொரு காட்சியை நினைவூட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மதுரைப் புறஞ்சேரியில் இயக்கித் தெய்வத்துக்குப் பால்சோறு படைத்துத் திரும்பும் ஆயர்குலப் பெண் மாதரியைக் கவுந்தியடிகள் பார்க்கிறார். பசுவைக் காத்துப் பயனைப் பிறருக்குக் கொடுக்கும் பிழைப்பில் கொடுமை இல்லை, இவளும் முதியவள், குற்றமற்றவள், இரக்கமுள்ளவள் என்று மனத்துக்குள் ஆராய்ந்துவிட்டுத்தான் கண்ணகியை அவளிடம் விடுகிறார். வள்ளுவர் சொன்ன வரிசை அப்படியே நடக்கிறது. அங்கும் அடிகள் சொல்வது, இவளுக்கு இனித் தாயும் நீயாக இரு என்பதுதான். பொருளைக் கொடுத்தால் பொருள் மட்டும் கை மாறும். ஆளைக் கொடுக்கும்போது உறவே கை மாறுகிறது.

மாதரி கண்ணகியை அழைத்துக்கொண்டு மாலையில் மதுரைக் கோட்டையைத் தாண்டிப் போகிறாள். அந்த இடத்தில் இளங்கோ கோட்டையின் காவல் பொறிகளை அடுக்கிச் சொல்கிறார். கல்லை வீசும் கவண், கொதிக்கும் எண்ணெய், அகழி, காவற்காடு. படிக்கும்போது ஏன் இத்தனை விவரம் என்று பல ஆண்டுகள் நினைத்திருக்கிறேன். இத்தனை பொறி வைத்துக் காத்த நகரம் அடைக்கலமாக வந்தவர்களைக் காக்கவில்லை. கண்ணகியின் கணவன் கோவலன் கொலையுண்டான். கண்ணகி நகரத்தை எரித்துவிட்டுப் போய்விட்டாள். மாதரி என்ன ஆனாள் என்பதை வஞ்சிக் காண்டத்தில், நீர்ப்படைக் காதையில், மாடலன் என்ற அந்தணன் சேர மன்னன் செங்குட்டுவனுக்குச் சொல்கிறான். அடைக்கலத்தை இழந்துவிட்டேன் என்று சொல்லி நள்ளிரவில் தீயில் விழுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். கொலையில் மாதரிக்குப் பங்கு இல்லை. அவள் வீட்டில் ஒரு குறையும் நடக்கவில்லை. இருந்தும் வாங்கிய பொறுப்பு அவளை விடவில்லை. நம்பிக் கொடுப்பதன் எடை எவ்வளவு என்று கேட்பவருக்கு இந்த ஒரு மரணத்தைக் காட்டுவேன்.

அடைக்கலம் என்ற சொல்லை இன்று புகலிடம் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம். காப்பாற்றித் தரும்படி ஒருவரிடம் வைத்த பொருளும் அடைக்கலம்தான், அடைக்கலப் பொருள். வீட்டு உத்தரத்தில் கூடு கட்டும் சிட்டுக்கு அடைக்கலக் குருவி என்று பெயர். அது கேட்டுக்கொண்டு வரவில்லை, வந்து அடைந்துவிட்டது. அதற்காக விளக்கு மாடத்தில் சுள்ளி விழுந்தாலும் பொறுத்துக்கொள்ளும் வீடுகளை எனக்குத் தெரியும். திருவாசகத்திலும் ஓர் அடைக்கலப்பத்து, வேதாந்த தேசிகர் பாடியதிலும் ஓர் அடைக்கலப்பத்து. அரியலூர்ப் பக்கத்து ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவரோடு சேர்த்துப் பேசப்படும் அடைக்கல மாதா கோயில். சமயங்கள் மூன்றுக்கும் இந்த ஒரு சொல் பொருந்தியது.

வைணவர்கள் இந்தக் கேள்வியை வேறு யாரையும்விட ஆழமாகத் தோண்டினார்கள். இறைவனிடம் தன்னை ஒப்படைப்பது ஒரு செயலா, அல்லது செயலை நிறுத்துவதா? தேசிகர் வழியில் அது செய்ய வேண்டிய ஒன்று. அதற்கு ஐந்து அங்கங்கள், அவற்றில் ஒன்று மகாவிசுவாசம், அதாவது காப்பான் என்ற பெரும் நம்பிக்கை. முழுமையான செயலுக்கு ஆத்ம நிக்ஷேபம் என்றும் பரந்யாசம் என்றும் பெயர். நிக்ஷேபம் சட்டத்திலிருந்து வந்த சொல். மனுவின் பதினெட்டு வழக்கு வகைகளில் கடனுக்கு அடுத்து இரண்டாவதாக வருவது நிக்ஷேபம், ஒருவரிடம் நம்பி வைத்த பொருள். பரந்யாசம் என்றால் பாரத்தை இறக்கி வைப்பது. நம்பிக்கை ஓர் அங்கம்தான், ஒப்படைப்பு அதைவிடப் பெரியது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. பிள்ளை லோகாசாரியார் வழியில் வந்தவர்கள் வேறு மாதிரி கண்டார்கள். தேசிகர் வழிக்கு உவமை குரங்குக் குட்டி, அது தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இவர்கள் வழிக்கு உவமை பூனைக் குட்டி, அதைத் தாயே கவ்விக்கொண்டு போகும், குட்டி சும்மா இருந்தால் போதும். எந்தக் குட்டி நாம் என்பது தீராத வழக்கு. என் மனம் பூனையின் பக்கம். ரயில் நிலைய பெஞ்சில் தூங்கிய பையன் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

ஆன்மாவிலிருந்து ஆட்டுக்கு இறங்குவோம். சோழர் காலத்தில் கோயிலில் அணையாத விளக்கு எரிய ஆடுகளைத் தானம் செய்தார்கள். தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகளின்படி ஒரு விளக்குக்கு 96 ஆடு. ஆடுகள் கோயிலில் நிற்பதில்லை, இடையர்களிடம் விடப்பட்டன. அவர்கள் நாளொன்றுக்கு உழக்கு நெய்யை ஆடவல்லான் என்ற அளவையால் அளந்து தர வேண்டும். இந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் சாவா மூவாப் பேராடு என்கின்றன. ஆடு சாகும், மூப்படையும். ஆனால் செத்ததற்குக் குட்டி ஈடாகும் என்பதால் கணக்கில் ஒன்றும் குறைவதில்லை. வாங்கியவர் வழிவழியாக அளந்துகொண்டே இருக்கிறார்.

ஒப்படை என்ற சொல்லின் உயிரும் இந்தக் கணக்கில் இருக்கிறது. அதில் ஒப்பு இருக்கிறது. ஒத்துப்போவது, சரிக்குச் சரியாக இருப்பது. அதனால்தான் அது இரண்டு பக்கமும் ஓடுகிறது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவரும் ஒப்படைக்கிறார். கண்டெடுத்த பணப்பையைக் காவல் நிலையத்தில் கொடுக்கும் ஆட்டோ ஓட்டுநரும் ஒப்படைக்கிறார். பள்ளிக்கூடத்தில் அதன் உடன்பிறப்பான ஒப்புவித்தல். கையைக் கட்டிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று, சுவரைப் பார்த்தபடி பத்துக் குறளை ஒப்பித்தவர்களுக்குத் தெரியும், ஆசிரியர் விரல் புத்தகத்தில் வரிவரியாக நகர்ந்துகொண்டிருக்கும். அவர் தந்ததை நாம் குறையாமல் திருப்பிக் கொடுக்கிறோம். பழைய தமிழ் விவிலியத்தில் சிலுவையில் இயேசுவின் கடைசி வாக்கில் ஆவியை ஒப்புவிப்பது இந்த வினை. 1995இல் வந்த திருவிவிலியம் அங்கே ஒப்படை என்கிறது, விசுவாசம் இருந்த இடங்களில் நம்பிக்கை என்று மாற்றியது. யூதாஸ் செய்ததற்கு மட்டும் வேறு வினை வேண்டியிருந்தது, காட்டிக்கொடு. அங்கேயும் கொடுதான். எதைக் கூட்டிக் கொடுக்கிறோம் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது.

இலங்கைத் தமிழில் இந்தக் கை இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. அங்கே செய்தித்தாளில் காணிகள் உரியவர்களிடம் கையளிக்கப்படுகின்றன. பொறுப்பைப் பாரமெடுக்கிறார்கள், பாரங்கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டுக் காதுக்குப் பாரம் என்றால் தொல்லை. அங்கே அது கடமை. பரந்யாசத்தின் பாரம் அன்றாட வாழ்க்கையில் இன்னும் உயிரோடு இருப்பது அந்த வழக்கில்தான்.

ஒப்படைத்ததை வாங்கியவர் தனதாக்கிக்கொண்டால் சட்டத்தில் அதற்கு நம்பிக்கை மோசடி என்று பெயர். இந்திய தண்டனைச் சட்டத்தில் 405, 406ஆம் பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 316ஆம் பிரிவு. நீதிமன்றம் முதலில் கேட்பது, பொருள் ஒப்படைக்கப்பட்டதா என்பது. ஒப்படைப்பு இல்லாவிட்டால் இந்தக் குற்றம் இல்லை. ஏமாற்றி வாங்கினால் அது வேறு பிரிவு. மனத்தில் நம்பிக்கை இருந்ததா என்பதைவிடக் கை மாறியதா, என்ன நிபந்தனையில் மாறியது என்பதையே சட்டம் தேடுகிறது. நம் பழைய சொற்களும் அதையேதான் தேடின.

கல்யாண மண்டபத்தில் பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க பொண்ண உங்க கையில ஒப்படைக்கிறோம், இனிமே உங்க பொண்ணு" என்று சம்பந்தியிடம் சொல்வதை எல்லோரும் கேட்டிருப்போம். தசரதனும் கவுந்தியும் சொன்ன அதே வாசகம். அதன் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இருபத்தைந்து வயதில் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் பெண்ணை, அவளைக் கேட்காமல், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றும் வினை இனியும் வேண்டுமா? 1985இல் உச்ச நீதிமன்றம் சீதன வழக்கொன்றில் சொன்னது இங்கே வலுவாகப் பொருந்துகிறது. பெண்ணின் நகையும் பாத்திரமும் அவளுடைய சொத்து. கணவன் வீட்டில் அவை இருப்பது அவள் நம்பி ஒப்படைத்ததால். திருப்பித் தராவிட்டால் அது நம்பிக்கை மோசடி. அந்தத் தீர்ப்பில் ஒப்படைக்கப்படுபவள் அவள் இல்லை. ஒப்படைப்பவளே அவள்தான்.

எழுத்தில் இத்தனை சொற்கள் இருந்தும் பேச்சில் நாம் திரும்பத் திரும்பப் போய்ச் சேர்வது பாத்துக்கோ என்ற ஒன்றிடம். "வீட்டப் பாத்துக்கங்க", "அம்மாவப் பாத்துக்கடா", "கடையப் பாத்துக்க, வந்துடறேன்." ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகச் சொல்லப்படும் வாக்கியமும் பெரும்பாலும் இதுவே. பார் என்பதோடு கொள் சேரும்போது, பார்க்கும் வேலையை உனக்குள் எடுத்துக்கொள் என்றாகிறது. அதே வினை பணத்தைத் திருப்பித் தரும்போதும் வரும். "எண்ணிப் பாத்துக்கங்க."

என் அம்மா ஒருமுறை பதினைந்து நாள் ஊருக்குப் போகும்போது நகையை மஞ்சள் துணியில் முடிந்து எதிர்வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்த அன்றே, பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, அத்தை முடிச்சோடு வந்து நின்றார். "பிரிச்சுப் பாத்துக்க" என்றார். அம்மாவுக்கு வருத்தமாகிவிட்டது. "என்னக்கா, உங்கள நம்பாமயா குடுத்தேன்? எதுக்குப் பாக்கணும்?" என்று அப்படியே பீரோவில் வைக்கப் போனார். அத்தை கையைப் பிடித்துக்கொண்டார். "நீ நம்புனது சரிடி. நீ எண்ணிப் பாத்தாத்தான் இன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரும்." அம்மா திண்ணையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். சங்கிலி, இரண்டு வளையல், தோடு, என் இடுப்புக்கொடி. ஒவ்வொன்றையும் எடுத்து அத்தையின் முன்னால் வைத்து எண்ணினார்.